குளோரின் கோழி, சிவப்பு இண்டிகேட்டர்: சுங்கவரி போன பிறகும் நிற்கும் தடைகள்

23 ஆகஸ்ட் 2025 – கேள்வி

வியாழக்கிழமை வந்த ஐரோப்பிய ஒன்றியம்–அமெரிக்கா கூட்டறிக்கையைப் படித்தேன். எல்லாரும் 15 சதவீத வரியைப் பற்றியே பேசுகிறார்கள். என் கண்ணில் பட்டது கார் பற்றிய ஒரே ஒரு வரி: ஒருவர் வாகனத் தரவிதிகளை மற்றவர் ஏற்க உத்தேசமாம். இதைத்தானே டிடிஐபி (ஐரோப்பா–அமெரிக்கா வர்த்தக ஒப்பந்த முயற்சி) என்ற பெயரில் மூன்று வருடம் உட்கார்ந்து பேசியும் முடிக்காமல் எழுந்து போனார்கள்? என் கட்சி இதுதான். அங்கே ஓடும் காரும் ஓடத்தான் செய்கிறது, இங்கே ஓடும் காரும் ஓடத்தான் செய்கிறது. அங்கே கோழி தின்றவனும் சாகவில்லை, இங்கே தின்றவனும் சாகவில்லை. இந்தத் தரவிதிச் சண்டை எல்லாம் உள்ளூர்க் கம்பெனியைக் காப்பாற்ற மாறுவேடம் போட்ட சுங்கவரி. இல்லை என்பவர்கள் சொல்லுங்கள்.

24 ஆகஸ்ட் 2025 – பதில்

பாதி சரி. மீதிப் பாதி என் மேசை மேல் கிடக்கிறது.

ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட் பக்கம் கார் விளக்கு செய்யும் தொழிற்சாலையில் ஒன்பது வருடம் இருந்தேன். இப்போது அமெரிக்காவின் மிஷிகனில் அதே வேலை. மேசையில் ஒரே காரின் இரண்டு டெயில் லேம்ப் வைத்திருக்கிறேன். ஒரே வளைவு, ஒரே கொக்கி, வண்டியில் ஒரே இடத்தில் உட்காரும். தள்ளி நின்று பார்த்தால் இரட்டைப் பிள்ளைகள்.

கிட்டப் போனால் தெரியும். ஐரோப்பிய விளக்கில் இண்டிகேட்டர் மஞ்சள். வேறு நிறத்துக்கு அனுமதி இல்லை. பனிமூட்டத்துக்கான பின்விளக்கு ஒன்று கட்டாயம். அமெரிக்க விளக்கில் இண்டிகேட்டர் சிவப்பாகவும் இருக்கலாம், மஞ்சளாகவும் இருக்கலாம், ஆனால் ஒளிரும் பரப்பு 50 சதுர சென்டிமீட்டருக்குக் குறையக் கூடாது. பனிமூட்ட விளக்கு கட்டாயமில்லை. அதற்குப் பதில் ஓரத்தில் சிவப்பு சைடு மார்க்கர் (பக்கவாட்டிலிருந்து வண்டியைக் காட்டும் விளக்கு) வேண்டும். அதை ஐரோப்பாவில் நீளமான வண்டிகளுக்குத்தான் கேட்பார்கள்.

மோல்டு இரண்டு. சோதனை இரண்டு. ஸ்டோரில் பார்ட் நம்பர் இரண்டு. வண்டி ஆயுசுக்கும் உதிரிப்பாகம் இரண்டு. வரி பூஜ்ஜியமானாலும் இதில் ஒரு பைசா குறையாது. இதுவரை உங்கள் கட்சிதான் நானும்.

இப்போது லென்ஸின் மூலையில் இருக்கும் எழுத்தைப் பாருங்கள். ஐரோப்பிய விளக்கில் ஒரு வட்டம், உள்ளே ‘இ1’. ஒரு அரசு அமைப்பிடம் மாதிரி கொண்டுபோய், சோதித்து, எண் வாங்கிய பிறகுதான் அந்த வட்டத்தைப் பொறிக்க முடியும். அமெரிக்க விளக்கில் ‘டிஓடி’ என்றிருக்கும். போக்குவரத்துத் துறை பார்த்து ஒப்புதல் கொடுத்தது என்றுதான் எல்லாரும் நினைப்பார்கள். துறை அதைப் பார்த்ததே கிடையாது. நாங்களே சோதித்து நாங்களே பொறித்துக்கொள்வோம். பிறகு துறை கடையில் ஒன்றை வாங்கிச் சோதித்து, தேறவில்லை என்றால் ரீகால், அபராதம், வழக்கு என்று வரிசையாக வரும்.

ஒன்று நுழைவுத் தேர்வு. மற்றது பறக்கும் படை. நிறத்தை ஒரு நாள் ஒன்றாக்கிவிடலாம். இந்த இரண்டையும் ஒன்றாக்குவது எப்படி?

25 ஆகஸ்ட் 2025

இ1 என்றால் ஜெர்மனியில் செய்தது என்று அர்த்தமா என்று கேட்டவருக்கு: இல்லை. ஒப்புதல் கொடுத்தது ஜெர்மனி, அவ்வளவுதான். பொருள் எங்கே வேண்டுமானாலும் வார்க்கப்பட்டிருக்கலாம். இ2 பிரான்ஸ், இ3 இத்தாலி, இ4 நெதர்லாந்து. நேற்று நான் எழுதியதில் இது குழப்பமாக இருந்தது, என் தப்பு.

26 ஆகஸ்ட் 2025

கோழி இல்லாமல் இந்தப் பேச்சு முடியாது என்று தெரியும். சரி, கோழி.

அமெரிக்கக் கோழி வெட்டுக்கூடத்தில் உரித்த கோழியைக் கிருமிநாசினி கலந்த தண்ணீரில் முக்கி எடுப்பார்கள். பெயர்தான் குளோரின் கோழி. இப்போது பெரும்பாலும் பெராசெட்டிக் அமிலம். ஐரோப்பாவில் 1997 முதல் தண்ணீர் மட்டும்தான். அதோடு அமெரிக்கக் கோழிக்கு அந்தச் சந்தையின் கதவு கிட்டத்தட்ட மூடியது.

உங்கள் ‘மாறுவேட வரி’ கட்சிக்கு இங்கே நல்ல சாட்சி உண்டு. ஐரோப்பாவின் சொந்த உணவுப் பாதுகாப்பு அமைப்பே 2005-ல், முன்மொழியப்பட்ட அளவில் இந்த ரசாயனங்களால் உடல்நலக் கவலை இல்லை என்று சொல்லிவிட்டது. 2008-ல் ஐரோப்பிய ஆணையம் நான்கு ரசாயனங்களை அனுமதிக்கப் பார்த்தது. உறுப்பு நாடுகள் அந்த வருடக் கடைசியில் தூக்கி எறிந்தன. அடுத்த மாதமே அமெரிக்கா உலக வர்த்தக அமைப்புக்குப் போனது. இன்னொன்று: 2013 பிப்ரவரியில், டிடிஐபி பேச்சு தொடங்கும் நேரம் பார்த்து, மாட்டிறைச்சியை லாக்டிக் அமிலத்தால் கழுவலாம் என்று அதே ஐரோப்பா அனுமதி கொடுத்தது. மாட்டுக்கு ஒரு நியாயம், கோழிக்கு ஒரு நியாயமா என்று அன்று கேட்டவர்களுக்கு யாரும் நேரே பதில் சொல்லவில்லை.

எதிர்க்கட்சிக்கும் ஒரு வாதம் உண்டு. அது ரசாயனத்தைப் பற்றியதே அல்ல. கடைசிப் படியில் ஒரு முக்கு போட்டு எடுக்கலாம் என்று ஆகிவிட்டால், பண்ணையில் தொடங்கி வெட்டுமேசை வரை வழியில் யாரும் கை கழுவ மாட்டான் என்கிறார்கள். ரசாயனம் கோழியைச் சுத்தம் செய்கிறதா, பண்ணையின் அழுக்கை மறைக்கிறதா? சோதனைக்கூடத்தில் எந்தக் கோழியை வைத்துப் பார்த்தாலும் இதற்கு விடை வராது.

ஜெர்மனியில் இருந்தபோது ‘குளோர்ஹூன்ஷென்’ (குளோரின் கோழி) என்ற ஒரு சொல்லைப் பேப்பரில் படித்துப் படித்துச் சலித்துப்போனேன். 24 அத்தியாய ஒப்பந்தம் ஒரு கோழியில் போய் முடிந்தது.

அதே நாள், இரவு

விட்டுப்போனது. அமெரிக்காவில் இறக்குமதிப் பிக்அப் வண்டிக்கு ஏன் 25 சதவீத வரி வந்தது தெரியுமா? 1960-களின் தொடக்கத்தில் ஐரோப்பியப் பொதுச்சந்தை அமெரிக்கக் கோழிக்கு வரியை ஏற்றியது. பதிலுக்கு அமெரிக்க அதிபர் ஜான்சன் 1963 டிசம்பரில் சிறு லாரி, பிராந்தி, உருளைக்கிழங்கு மாவு, டெக்ஸ்ட்ரின் மேல் போட்டார். மற்றவை மெல்லப் போய்விட்டன, வண்டி வரி நின்றுவிட்டது. ‘கோழி வரி’ என்றுதான் இன்றும் பெயர். கோழியும் வண்டியும் அறுபது வருடமாக ஒன்றாகத்தான் சண்டைக்கு வருகின்றன.

27 ஆகஸ்ட் 2025

முட்டையும் சொல்லிவிடுகிறேன், பிறகு சமையலறையை விட்டு வெளியே வருவோம்.

அம்மா நாமக்கல் பக்கம். முட்டையைப் பற்றி அவருக்கு யாரும் பாடம் எடுக்க முடியாது. ஜெர்மனிக்கு வந்தபோது, கடையில் முட்டை வெளித்தட்டில் அடுக்கியிருப்பதைப் பார்த்து, “நம்ம ஊர் மாதிரிதான்” என்றார். மிஷிகனுக்கு வந்தார். முட்டை குளிர்பெட்டிக்குள். வாங்கி வந்ததை வழக்கம்போல மேடையில் கிண்ணத்தில் வைத்துவிட்டார். சாயங்காலம் வேலை முடிந்து வந்து பார்க்கிறேன், பன்னிரண்டும் வியர்த்து நிற்கின்றன.

அமெரிக்காவில் தரம் பிரிக்கும் கூடத்தில் முட்டையைக் கழுவுவார்கள். கழுவினால் ஓட்டின் மேலிருக்கும் மெல்லிய இயற்கைப் பூச்சு போய்விடும். பிறகு குளிரில்தான் வைத்தாக வேண்டும். ஐரோப்பாவில் ‘ஏ’ தர முட்டையைக் கழுவக் கூடாது, கடைக்கு வரும்வரை மிகவும் குளிர்விக்கவும் கூடாது. இங்கே சட்டப்படி இருக்கும் முட்டை அங்கே சட்டப்படி இல்லை, அங்குள்ளது இங்கே இல்லை. இரண்டும் சால்மொனெல்லா கிருமியைத் தடுக்கத்தான். ஒவ்வொன்றும் அதனதன் சங்கிலிக்குள் சரி. அந்தச் சங்கிலியில் ஒரு கண்ணியை மட்டும் கழற்றி இதில் மாட்டினால், அம்மா வைத்த கிண்ணம்தான்.

(அம்மா இதைப் படித்தால்: நீங்கள் செய்ததில் தப்பு இல்லை.)

30 ஆகஸ்ட் 2025

545 யூரோ எங்கே போனது என்று ஒருவர் நக்கலாகக் கேட்டிருக்கிறார். நியாயமான நக்கல்தான். டிடிஐபி வந்தால் ஐரோப்பாவுக்கு வருடம் 119 பில்லியன் யூரோ, நான்கு பேர் குடும்பத்துக்கு 545 யூரோ லாபம் என்று 2013-ல் ஆணையத்துக்காகச் செய்த ஆய்வு சொன்னது. அதில் 80 சதவீதம் வரை சுங்கவரியில் வருவதல்ல. சராசரி வரி ஏற்கெனவே குறைவாகத்தான் இருந்தது. காகிதம், சோதனை, இரட்டைச் சான்றிதழ் இவற்றைக் குறைத்தால், சேவைகளையும் அரசுக் கொள்முதலையும் திறந்துவிட்டால் வருவது.

அந்தச் செலவை அளந்தது எப்படி? பெரும்பாலும் கம்பெனிகளைக் கேட்டு. பூஜ்ஜியம் முதல் நூறு வரை ஒரு கோடு. அந்தச் சந்தையில் நுழைவது எவ்வளவு கஷ்டம் என்று மார்க் போட வேண்டும். அந்த மார்க்கைப் பிறகு வரிக்குச் சமமான சதவீதமாக மாற்றுவார்கள். இதுபோன்ற ஒரு தாள் ஒருமுறை எங்கள் பிரிவுக்கும் வந்தது. மேலதிகாரி மதியச் சாப்பாட்டுக்குப் போகும் வழியில் என்னிடம் நீட்டி, “ஏதாவது போடு” என்றார். 60 போட்டேன். ஏன் 60 என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

கணக்கில் இன்னொரு ஓட்டை. விதியால் வரும் செலவு மட்டும்தான் அந்தத் தாளில் உண்டு. விதி இல்லாவிட்டால் யாருக்கோ வரும் ஆஸ்பத்திரிச் செலவுக்குக் கட்டமே இல்லை.

2 செப்டம்பர் 2025

24-ந் தேதி எழுதியதைத் திரும்பப் படித்தேன். இரண்டு விளக்கும் சமம் என்பதுபோல எழுதிவிட்டேன். வீம்புக்கு இரண்டு விதி வைத்திருக்கிறார்கள் என்ற தொனி. அது அவசரம்.

அமெரிக்கச் சாலைப் பாதுகாப்புத் துறையே 2009-ல் வெளியிட்ட ஆய்வு: மஞ்சள் இண்டிகேட்டர் வைத்த வண்டி திரும்பும்போது பின்னால் இடிபடுவது சிவப்பு வைத்ததைவிட 5.3 சதவீதம் குறைவு. விதி மாறவில்லை. மோல்டு செலவைப் பற்றிப் புலம்பும் நான் ஒன்பது வருடம் மஞ்சள் விளக்கு செய்தவன். சிவப்பை வார்க்கும்போது இந்த எண் நினைவுக்கு வரத்தான் செய்கிறது.

மறுபக்கமும் உண்டு. அமெரிக்க மோதல் சோதனையில் சீட் பெல்ட் போடாத பொம்மையையும் உட்கார வைக்கிறார்கள். ஐரோப்பாவில் எல்லாரும் பெல்ட் போடுவார்கள் என்பது அடிப்படை எண்ணம். அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் பெரியவர்களுக்கு பெல்ட் சட்டமே கிடையாது. அங்கே உள்ள காற்றுப்பை, பெல்ட் போடாதவனையும் பிடித்து நிறுத்த வேண்டும். யார் ஓட்டுகிறான் என்பதற்கு ஏற்ற விதி.

டிடிஐபி காலத்தில் கார் கம்பெனிகளே பணம் கொடுத்து, இரண்டு விதியும் சமம் என்று காட்ட ஓர் ஆய்வு செய்யச் சொன்னார்கள். சமம் என்று வரவில்லை. கவிழும் விபத்தில் அமெரிக்கக் கார் மேல், முன்பக்க, பக்கவாட்டு மோதல்களில் ஐரோப்பியக் கார் மேல் என்று வந்தது. அதை யாரும் பேனராக அடிக்கவில்லை.

இப்போது அந்தக் கூட்டறிக்கை வரியைப் பாருங்கள். பெரிய அமெரிக்கப் பிக்அப்கள் தனி வாகன ஒப்புதல் என்ற சந்து வழியாக ஐரோப்பாவுக்குள் ஏற்கெனவே வந்துகொண்டிருக்கின்றன. ‘ஏற்கிறோம்’ என்று அகலமாகச் சொல்லிவிட்டால் சந்து சாலையாகிவிடும். பாதசாரி மேல் மோதினால் எப்படி என்று ஐரோப்பிய விதி பானெட்டைச் சோதிக்கும். இங்கே அப்படிக் கட்டாயம் இல்லை. முன்பக்கம் மனிதன் நெஞ்சளவு நிற்கும் வண்டி ஸ்டுட்கார்டின் பழைய தெருவில் திரும்புவதை யோசித்துப் பாருங்கள். நான் அங்கே சைக்கிள் ஓட்டியவன்.

3 செப்டம்பர் 2025

என் சொந்தக் காரை ஏன் கொண்டுவரவில்லை என்று கேட்டீர்கள். கேட்டுப் பார்த்தேன். அமெரிக்க விதிக்குச் செய்யாத கார் 25 வருடம் ஆனால்தான் சும்மா வரலாம். என்னுடையதற்கு அப்போது வயது ஆறு. பதிவுபெற்ற இறக்குமதியாளர் வழியாக மாற்றலாம் என்றார்கள். ஒருவர் சொன்ன தொகை கார் விலையைவிட அதிகம். அதில் விளக்கு மாற்றும் செலவும் இருந்தது. அந்த விளக்கு எங்கள் தொழிற்சாலையில் வார்த்தது. விற்றுவிட்டு வந்தேன்.

5 செப்டம்பர் 2025

ஐரோப்பா கனடாவோடு போட்ட வர்த்தக ஒப்பந்தத்தை ஜெர்மன்காரர்கள் ‘சேட்டா’ என்பார்கள். அலுவலகத்தில் ஒரு மலையாளி நண்பர் உண்டு. அந்தச் செய்தி வந்தாலே திரும்பிப் பார்ப்பார்.

சேட்டா 2016 அக்டோபர் 30-ல் கையெழுத்தானது. பெல்ஜியத்தின் வலோனியா என்ற ஒரு மாகாணம், போல் மன்யெட் தலைமையில், கடைசி வாரம் வரை பிடித்து வைத்தது. 2017 செப்டம்பர் 21 முதல் தற்காலிகமாக நடைமுறையில் இருக்கிறது. எட்டு வருடமாகத் தற்காலிகம். நம்மூர் தற்காலிகப் பேருந்து நிலையம் நினைவுக்கு வருகிறது. பல உறுப்பு நாடுகள் இன்னும் ஒப்புதல் தரவில்லை.

முதல் கேள்விக்கு அதில் ஒரு நேரடி விடை இருக்கிறது. கனடா மாட்டிறைச்சிக்கு ஐம்பதாயிரம் டன் அளவில் வரியில்லா ஒதுக்கீடு கிடைத்தது. பெரும்பகுதி காலியாகவே கிடக்கிறது. வளர்ச்சி ஹார்மோன் போட்ட மாட்டை ஐரோப்பா ஏற்காது, 1989 முதல் தடை. ஹார்மோன் இல்லாத மந்தையைத் தனியாக வளர்த்து, தனியாக வெட்டி, தனியாகச் சான்று வாங்கக் கனடாக்காரனுக்குக் கட்டுப்படியாகவில்லை. வரி பூஜ்ஜியம், இறைச்சியும் பூஜ்ஜியத்துக்குப் பக்கம்.

அமெரிக்காவோடு அதே ஹார்மோன் சண்டை இருபது வருடம் போனது. உலக வர்த்தக அமைப்பில் ஐரோப்பா 1998-ல் தோற்றது. தோற்றும் தடையை எடுக்கவில்லை. 1999-ல் அமெரிக்கா பிரான்ஸின் ரோக்ஃபோர்ட் சீஸ் வரை 100 சதவீத வரி போட்டது. கடைசியில் 2009-ல் ஹார்மோன் இல்லாத இறைச்சிக்கு ஓர் ஒதுக்கீடு கொடுத்துச் சமாதானம். விதி இருந்த இடத்திலேயே இருக்கிறது.

9 செப்டம்பர் 2025

“அப்ப எதுவுமே நடக்காதா?” நடந்திருக்கிறது. அதைப் பற்றி யாரும் ஊர்வலம் போகவில்லை, அதனால் தெரியவில்லை.

மருந்துத் தொழிற்சாலை ஆய்வு. ஒரே தொழிற்சாலைக்கு இந்த வருடம் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தின் (எஃப்டிஏ) ஆய்வாளர் வருவார், அடுத்த வருடம் ஐரோப்பிய ஆய்வாளர். அதே பதிவேடு, அதே கேள்வி. ஒருவர் அறிக்கையை மற்றவர் ஏற்கலாம் என்று 1998-லேயே ஒப்பந்தம் போட்டார்கள். அந்தப் பகுதி ஏறக்குறைய இருபது வருடம் காகிதத்தில் தூங்கியது. உன் ஆய்வாளர் என் ஆய்வாளர் அளவுக்குப் பார்ப்பாரா என்ற சந்தேகம் தீரவில்லை.

பிறகு என்ன செய்தார்கள்? 2014 முதல், ஐரோப்பிய நாடுகள் தங்கள் ஆய்வு அமைப்புகளை ஒன்றையொன்று தணிக்கை செய்யும்போது எஃப்டிஏ ஆட்கள் கூடப் போய் உட்கார்ந்தார்கள். எப்படிக் கேட்கிறார்கள், எதை எழுதுகிறார்கள், யாருக்குக் கம்பெனியோடு உறவு இருக்கிறது என்று நாடு நாடாகப் பார்த்தார்கள். 2017 நவம்பர் 1-ல் எட்டு நாடுகளை ஏற்றார்கள்: ஆஸ்திரியா, குரோஷியா, பிரான்ஸ், இத்தாலி, மால்டா, ஸ்பெயின், ஸ்வீடன், பிரிட்டன். ஜெர்மனி முதல் பட்டியலில் இல்லை. எங்கள் கேண்டீனில் அது கொஞ்ச நாள் ஜோக். 2019 ஜூலையில் ஸ்லோவாக்கியாவோடு 28-ம் முடிந்தது. மிச்சமான ஆய்வாளர் நேரத்தை வேறு நாட்டுத் தொழிற்சாலைகளுக்குத் திருப்பலாம் என்பதுதான் கணக்கு. இந்திய மருந்துக் கம்பெனிகளில் வேலை செய்பவர்கள் இங்கே இருந்தால் அது எப்படி இருந்தது என்று சொல்லட்டும்.

கவனியுங்கள், மருந்து விதியில் ஒரு எழுத்தையும் ஒன்றாக்கவில்லை. ஆளை நம்பலாமா என்று மட்டும் பார்த்தார்கள். அதற்கே இத்தனை வருடம். இயற்கை விவசாயப் பொருளுக்கு 2012-ல் செய்ததும் இதே மாதிரி: உன் சான்று எனக்குப் போதும், ஆனால் ஆப்பிள், பேரி மரத்துக்கு ஆன்டிபயாட்டிக் அடிக்கவில்லை என்று தனியாக எழுதிக்கொடு. ஒரு விதிவிலக்கு, ஒரு கையெழுத்து, சரக்கு கிளம்பிவிட்டது.

10 செப்டம்பர் 2025

முட்டையில் திருத்தம். ஐரோப்பாவில் எங்குமே கழுவ மாட்டார்கள் என்று தொனித்தது. ஸ்வீடனில் பழைய விதிவிலக்கு உண்டு. சுட்டியவருக்கு நன்றி. அம்மாவிடம் சொல்லவில்லை.

வெயில் கிரீமையும் சேர்க்கச் சொன்னார்கள்: ஐரோப்பாவில் அழகுசாதனம், அமெரிக்காவில் மருந்து. அதனால் ஐரோப்பியக் கடையில் பல வருடமாக இருக்கும் புற ஊதாக் கதிர் வடிகட்டிகள் பல இங்கே வரவில்லை. இந்த ஒன்றில் நான் முழுசாக உங்கள் கட்சி.

14 செப்டம்பர் 2025

டிடிஐபி-ஐக் கொன்றது கோழி என்று 26-ந் தேதி எழுதினேன். யோசித்தால் கோழி வெறும் முகம். 2015 அக்டோபரில் பெர்லின் ஊர்வலத்தில் நானும் இருந்தேன், ஒரு நண்பருக்குத் துணையாக. போலீஸ் கணக்கு ஒன்றரை லட்சம், நடத்தியவர்கள் கணக்கு இரண்டரை லட்சம். கோழி வேடம் போட்டவர்கள் நிறைய. ஆனால் பக்கத்தில் நடந்த ஓய்வுபெற்ற ஆசிரியை கோழியைப் பற்றிப் பேசவில்லை. “எங்கள் எம்பி இதைப் படிக்க முடியாதாம்” என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னார்.

அவர் சொன்னது உண்மை. 2016 பிப்ரவரியில்தான் பெர்லின் பொருளாதார அமைச்சகத்தில் ஒரு வாசிப்பறை திறந்தார்கள். எம்பிக்கு இரண்டு மணி நேரம், கைபேசி வெளியே, காவலர் உள்ளே. மே மாதம் கிரீன்பீஸ் என்ற சூழல் அமைப்பு அந்த ரகசியப் பேச்சு ஆவணங்களில் 248 பக்கத்தை வெளியிட்டது. அதற்குப் பிறகு யாரும் யாரையும் சமாதானப்படுத்த முடியவில்லை.

ஒழுங்குமுறை ஒத்துழைப்புக்கு ஒரு நிரந்தர அமைப்பு என்ற யோசனையும் அதே நேரத்தில்தான். சட்டம் வரைவு நிலையில் இருக்கும்போதே மறுகரைக்குச் சொல்ல வேண்டும். கேட்பதற்கு நல்ல பக்கத்து வீட்டுப் பழக்கம் மாதிரிதான். ஆனால் பாராளுமன்றம் பார்க்கும் முன்னே கம்பெனிகளின் ஆட்கள் பார்த்துவிடுவார்கள் என்றால், சில சட்டங்கள் வரைவு நிலையிலேயே நின்றுவிடும் என்ற பயம் வந்தது. பயம் பெரிது பண்ணப்பட்டதா? கொஞ்சம். சேட்டாவில் அதே ஒத்துழைப்பை ‘விருப்பப்பட்டால்’ என்று எழுதினார்கள். வானம் இடிந்து விழவில்லை. ஆனால் பூட்டிய அறையில் வைத்துவிட்டு நம்பு என்றால் எவன் நம்புவான்.

டிடிஐபி கடைசிச் சுற்று 2016 அக்டோபர், நியூயார்க். அந்த ஆகஸ்டிலேயே ஜெர்மன் அமைச்சர் காப்ரியேல் பேச்சு தோற்றுவிட்டது என்று சொல்லியாயிற்று. 2019 ஏப்ரலில் டிடிஐபி பேச ஆணையத்துக்குக் கொடுத்த பழைய உத்தரவு இனிப் பொருந்தாது என்று ஐரோப்பிய நாடுகள் எழுதி மூடின.

20 செப்டம்பர் 2025

முதல் கேள்வி கேட்டவர் தன் கட்சியை ‘முக்கால் மாறுவேடம், கால் நிஜம்’ என்று திருத்தியிருக்கிறார். எனக்குக் கோழியில் பாதிப் பாதி, பிக்அப்பில் நிஜம், வெயில் கிரீமில் மாறுவேடம். பொருளுக்குப் பொருள் வேறு. ஒரே சதவீதம் கேட்காதீர்கள். ஒருமுறை 60 போட்டது போதும்.

கூட்டறிக்கைக்குப் பிறகு எங்கள் வேலை குறையுமா என்றும் கேட்டிருந்தீர்கள். வெள்ளிக்கிழமை புது மாடலின் டெயில் லேம்ப் வரைபடம் வந்தது. மேலே வழக்கமான இரண்டு கட்டம்: இடப்பக்கம் ஐரோப்பா, வலப்பக்கம் அமெரிக்கா. ஒன்றை அடித்துவிடலாமா என்று புதிதாகச் சேர்ந்த பையன் கேட்டான், செய்தி படிக்கிறவன். மேலதிகாரி சிரிக்கக்கூட இல்லை. இரண்டு மோல்டுக்கும் ஆர்டர் போய்விட்டது.

வலப்பக்கத்தில் இண்டிகேட்டர் நிறம் இன்னும் காலியாக இருக்கிறது. மஞ்சள் என்று பென்சிலில் எழுதி வைத்திருக்கிறேன்.